பூப்போட்ட வெள்ளிக் கரண்டி

"ஏம்மா, புள்ளைக்கு எந்தக் கரண்டியில ஊட்டுறீங்க?"

இதைக் கேட்டவர் பிலவேந்திரன். இதில் ஒரு வரிகூட நான் இட்டுக்கட்டவில்லை. 1943, தவக்காலம். பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டிலேயே நடந்தது.

அக்கா மிக்கேலம்மாளுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளைக்கு ஏழு மாதம். கேழ்வரகுக் கூழை எப்படி ஊட்டினாலும் துப்பிவிடும். கை கால் குச்சியாகிவிட்டது. இந்த மாதம் தாண்டாது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். வெள்ளியில் ஊட்டினால் தேறும் என்றாள் அம்மா. செத்துப்போன ஒரு வெள்ளைக்காரத் துரைசாணியின் பங்களா ஏலத்தில் அப்பா ஒரு கரண்டிப் பெட்டி வாங்கி வந்தார். நூறு வருஷத்துச் சீமை வெள்ளி. பின்புறம் சிங்க முத்திரை. காம்பு முழுக்கப் புடைத்த ரோஜாப்பூக்கள். பெட்டியில் ஆறு பள்ளம், ஐந்து கரண்டி. ஒன்று தொலைந்திருக்கும் என்றார் அப்பா.

"எவளோ வாயில வெச்ச எச்சில். ஆசாரிகிட்ட குடுத்து உருக்கிருங்கப்பா" என்றாள் அக்கா.

"வெள்ளிக்கு ஏதுடி எச்சில்? இந்தப் பூவ உருக்க மனசு வருமா?" என்றார் அப்பா.

உருக்கவில்லை. அடுப்புச் சாம்பல் போட்டு நான்தான் தேய்த்துப் பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் காலை சமையல்கட்டு மாடத்தில் அதே பூப்போட்ட கரண்டி ஒன்று இருந்தது. அம்மா எடுத்து வைத்திருப்பாள் என்று அக்கா அதிலேயே ஊட்டினாள். பிள்ளை மடமடவென்று விழுங்கியது. அக்கா அழுதே விட்டாள்.

ஆனால்... துடைத்து வைத்த கரண்டி தினமும் காலையில் ஈரமாக இருந்தது. தண்ணீர் இல்லை. தொட்டால் நூல் நூலாக இழுத்தது. ரோஜா இதழ்களின் இடுக்கில் சாம்பல் நிறத்தில் ஏதோ மென்று துப்பிய கூழ். சொத்தைப் பல்லில் தங்கிய கறி நாற்றம். எத்தனை தேய்த்தும் என் விரலை விட்டுப் போகவில்லை. என்னால் சோறு பிசைய முடியவில்லை.

ஐந்தாம் நாள், பிள்ளையின் வாயிலும் அதே நாற்றம்.

வெள்ளிக்கிழமை. மாதா கோயிலில் பகல் பன்னிரண்டு மணி அடித்தது. பிள்ளை கரண்டியைக் கவ்விக்கொண்டது. அக்கா இழுத்தாள். வரவில்லை.

டக்... டக்...

பல் வெள்ளியில் படும் சத்தம்.

பிள்ளைக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை.

அப்பா ஓடிப்போய், பங்களாவில் சமையல் வேலை பார்த்த பிலவேந்திரனைக் கூட்டி வந்தார். வாசலில் நின்ற என்னிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். பெட்டியைக் காட்டினேன். சிரித்தார்.

"பயப்படாதீங்க. இந்த அஞ்சையும் அந்தம்மா வாயில வெச்சதே இல்ல. வாய்ப்புண்ணு வந்து, தாடை அழுகிப் போச்சு. மூணு வருஷம் நான்தான் ஊட்டுனேன், ஒரே கரண்டியில. கடைசியில கடிச்ச கரண்டிய விடல. எடுக்க முடியாம வாயோட வெச்சே பொதச்சோம். அந்த ஆறாவதுதான் ஆகாது. அது மண்ணுக்குள்ள கெடக்குது."

பெட்டியைத் திறந்தேன்.

ஐந்தும் அதனதன் பள்ளத்திலேயே இருந்தன.

வீட்டுக்குள்ளே, பிள்ளையின் வாயில்... டக்... டக்...

பிலவேந்திரன் எட்டிப் பார்த்தார். பிள்ளையும் அவரைப் பார்த்தது. கரண்டியை விட்டது. ஊட்டச் சொல்லுவதுபோல அவரைப் பார்த்து வாயைத் திறந்தது.

பிலவேந்திரன் செருப்பைக்கூடப் போடவில்லை. தெருவில் இறங்கிப் போய்விட்டார்.