பேர் பதிஞ்சாச்சு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்பதற்கு அடையாளம் தாவணி இல்லை, செக்ரோலில் பேர் பதிவதுதான். வேலையாட்களின் பேர்களை ஆபீசில் எழுதி வைத்திருக்கும் அந்தத் தடித்த புத்தகத்தில் நம் பேரும் ஏறிவிட்டால், விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது நாமும் நிற்கலாம். கூடையை மாட்டிக்கொண்டு, கூட்டத்தோடு கதை பேசியபடி மலை ஏறலாம். என் வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக ஏறிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பெஞ்சில் மிஞ்சிய பெண்பிள்ளை நான் ஒருத்திதான். உலகத்திலேயே பாவப்பட்ட பிறவி நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதிலும் மாமா மகள் போனதுதான் தாங்கவில்லை. லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த காம்பரா அவர்களுடையது. என்னைவிட ஒரு வயது மூத்தவள். நடக்கப் பழகியதிலிருந்து நான் அவள் பின்னாலேயே திரிந்தவள். போன வருஷம் வரைக்கும் பெஞ்சிலும் அவளை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். கணக்கில் அவள் புலி, நான் புலிக்குப் பக்கத்தில் இடம் பிடித்த பூனை.

அம்மாவுக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஆனால் என்னைப் படிக்க வைப்பதில் அப்படி ஒரு பிடிவாதம். கடையில் பருப்பு மடித்துக் கொடுத்த பேப்பரைக்கூட விரித்து நீட்டி வாசிக்கச் சொல்வாள். கடகடவென்று வாசித்தால் சரி, திணறினால் தப்பு, அவ்வளவுதான் அவளுடைய பரீட்சை. அதனால் தெரியாத சொல் வந்தால் நானே எதையாவது போட்டு நிரப்பி ஓட்டிவிடுவேன். அம்மா பூரித்துப் போவாள். மாமா மகள் பக்கத்தில் இருந்தால் மட்டும் இந்த வித்தை பலிக்காது. தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளி, சரியான சொல்லைக் காதில் ஓதி, திரும்ப வாசிக்க வைப்பாள். மலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் அவள் இதை விடவில்லை. கொழுந்துக் கறை படிந்த விரலால் கிள்ளினாள், அதுதான் வித்தியாசம்.

அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஒரு நாள் பேச்சுவாக்கில், இவளுக்கும் பேர் பதிந்துவிடலாமே என்றார். எனக்கு வாயெல்லாம் பல்.  அம்மா அவர் தட்டில் ரொட்டியைப் போட்ட சத்தத்திலேயே அப்பா அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

இந்த நேரத்தில்தான் வாத்தியார் வந்து குழப்பினார். தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு இருந்த ஒரே வாத்தியார், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் தமிழ் கேட்கப் பாட்டு மாதிரி இருக்கும், பாதிதான் புரியும். ஒரு சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவைக் கண்டவர், பாதையில் நின்றபடியே குரல் கொடுத்தார்.

"பிள்ளைக்குப் பேர் பதிஞ்சாச்சு. தை மாதம் துவங்கி அனுப்புங்கோ."

அவர் சொன்னது அட்டன் டவுனில் இருந்த பெரிய பள்ளிக்கூடத்தை. அங்கே தோட்டத்துப் பிள்ளைக்கு இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. எனக்காக அந்த மனுஷன் நடையாய் நடந்திருக்கிறார். ஆனால் எங்கள் தோட்டத்தில் பேர் பதிவதென்றால் ஒன்றே ஒன்றுதான். அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாத்தியார் ஆபீசுக்கும் எழுத்து வேலை செய்து கொடுப்பவர். அவரைப் பிடித்து அப்பாதான் காரியத்தை முடித்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தான் செய்த குற்றம் என்னவென்று தெரியாமல் அப்பா அடுப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பெரட்டு கலைந்ததும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். கும்பிட்டுவிட்டு, "எம் புள்ள பேர வெட்டிருங்கய்யா" என்றாள்.

 யோசித்துத்தான் சொல்கிறாளா என்று வாத்தியார் கேட்டார். ராத்திரி முழுக்க யோசித்ததாக அம்மா சொன்னாள். இப்படி வந்து நின்ற தாய் தகப்பன்மாரை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும். "உங்கட விருப்பம்" என்று முணுமுணுத்தவர், நாளைக் காலையிலேயே போய் வெட்டிவிடுவதாகச் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார். என்னைப் படிக்க வைத்தே தீருவேன் என்று நின்ற அம்மா, தன் வாயாலேயே என் படிப்பை வெட்டச் சொல்லிவிட்டு நிம்மதியாக மலைக்குப் போனாள்.

எனக்கும் விஷயம் விளங்கவில்லை. செக்ரோலில் ஏறிய பேர் இறங்கப் போகிறதே என்றுதான் என் துக்கம். சாயங்காலம் பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த மாமா மகளைப் பார்த்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும் பேர் பதிந்தார்கள் என்றதும் அவள் முகம் அப்படியே மலர்ந்தது. ரெண்டு பேரும் ஒரே நிரையில் கொழுந்து எடுக்கலாம் என்றாள். பிறகு யார் பதிந்தது என்று கேட்டாள். வாத்தியார் என்றேன், அம்மா அதை வெட்டச் சொல்லிவிட்டாள் என்றும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. வாளி நிறைந்து வழிந்தது, அதையும் கவனிக்கவில்லை. சட்டென்று என் கையைப் பிடித்து லயத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்திருந்தாள், இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"அத்த, வாத்தியாரு பதிஞ்சா அது செக்ரோலு பேரு இல்ல. அட்டன் பள்ளிக்கூடத்துப் பேரு. போன வருசம் எனக்கும் பதிஞ்சாரு. எங்கப்பாதான் வேணாமுன்னு வெட்டச் சொல்லிருச்சு."

அம்மா அவள் கன்னத்தைத் தொட்டாள்.  அடுத்த நிமிஷம், கட்டிய சாக்கோடு, வாத்தியார் வீட்டு மேட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க வாசலில் நின்று, அந்தப் பேர் அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாளாம். வாத்தியார் இதைப் பிற்காலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கு அவர் கண் கலங்கியது என்பாள் அம்மா.

எனக்கு ஆத்திரம் தாளவில்லை. தானாக மூடிக்கொண்ட அட்டன் பள்ளிக்கூட வாசலை இவள் ஏன் திறந்துவிட்டாள்? நான் கூட வந்தால் இவளுக்கு என்ன குறைந்துவிடும்?

"நான் ஒங்கூட மலைக்கு வர்றது ஒனக்குப் புடிக்கலயா?" என்று கேட்டேன்.

"புடிக்கல" என்றாள். வாளியை எடுக்கப் பீலிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

தை மாதம் வெள்ளைக் கவுனும் ரிப்பனுமாக அட்டன் பஸ்ஸுக்கு நின்றேன். கூடையோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் கூட்டத்தை விட்டு இறங்கி வந்து, அவிழ்ந்திருந்த என் ரிப்பனை இறுக்கிக் கட்டிவிட்டாள். கவுனின் மடிப்பைக் கையால் நீவிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு முந்தியே தன் பேரை அட்டனில் பதிந்தார்களாம், அதை என் அம்மாவிடமே சொல்லிப் பீற்றிக்கொண்டாள் என்று எனக்கு அவள் மேல் அவ்வளவு கோபம்.