நாற்பத்து மூன்றாம் குறுக்குவெட்டு

போன வாரம் கொடைரோடு ஸ்டேஷனில் ரயில் தாமதம். பிளாட்பாரக் குழாயடியில் ஒருவர், காபி கொட்டிய சட்டையைக் கழற்றி நீல நிற பார் சோப்பால் தேய்த்துக்கொண்டிருந்தார். சாதாரண சோப்புதான். ஆனால் ஈரக் கல்லின் மேல் தேயும்போது அதிலிருந்து வரும் வாடை இருக்கிறதே, அது என்னை இருபத்தைந்து வருஷத்துக்கும் முந்திய ஒரு வாய்க்கால் கரைக்குக் கொண்டுபோய்விட்டது. நான் அந்த ஆளையே வெறித்துப் பார்ப்பதாக நினைத்துப் பக்கத்திலிருந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். அவருக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் ரயில் போய்விடும். உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில் இருந்த சின்ன இன்ஜினியரிங் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பெண்பிள்ளைக்கு வெயிலில் என்ன வேலை என்று வீட்டில் கேட்டபோது, கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிச் சமாளித்திருந்தேன். அதில் பாதி உண்மை. அலுவலகத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குத் தனி அறை, தனி ஏசி. நாங்கள் வியர்த்து வழிய, அது மட்டும் கொடைக்கானல் குளிரில் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் முதலாளி சார் சாம்பிராணி காட்டி மானிட்டரின் நெற்றியில் சந்தனம் வைப்பார். அது வழிந்து காய்ந்து, திங்கட்கிழமை வரை திரையின் மேல்வரிசை எண்களை உத்தேசமாகத்தான் படிக்க முடியும்.

செம்பட்டிப் பக்கம் எட்டு கிலோமீட்டர் வாய்க்கால் ஒன்றைச் சீரமைக்கத் திட்டம். இவ்வளவு தண்ணீர் திறந்தால் எந்த இடத்தில் எவ்வளவு உயரம் ஏறும் என்று நாங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். நூறு மீட்டருக்கு ஒரு இடத்தில், வாழைக்காயைக் குறுக்கே சீவினால் தெரிவதுபோல வாய்க்காலின் வடிவத்தை அளந்து உள்ளே கொடுக்க வேண்டும். அதற்குக் குறுக்குவெட்டு என்று பெயர். வாய்க்காலின் சொரசொரப்புக்கும் ஓர் எண் உண்டு. புத்தகத்தில் மண் கரைக்கு இவ்வளவு, புல் இருந்தால் இவ்வளவு என்று அழகாகப் பட்டியல் போட்டிருந்தார்கள். நடுவில் எருமை படுத்திருந்தால் எவ்வளவு என்று போடவில்லை. அதை நானாக ஊகித்துக்கொண்டேன்.

அளவெடுக்கும்போது ஸ்டாஃப் என்கிற நாலு மீட்டர் அளவுகோலைத் தண்ணீருக்குள் இறங்கித் தரையில் நிறுத்திப் பிடிப்பவர் ஆரோக்கியம் அண்ணன். நான் எதிர்க்கரையிலிருந்து லெவல் கருவி வழியாக அதிலுள்ள எண்ணைப் படித்து எழுதுவேன். எங்களுடையது பழைய கருவி. அதில் உலகமே தலைகீழாகத் தெரியும். அளவுகோலும் அதைப் பிடித்த கையும் வானத்திலிருந்து தொங்கும்; கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. நாற்பத்து மூன்றாம் குறுக்குவெட்டு எடுத்த அன்று அண்ணன் வழக்கமான கைலியை விட்டுவிட்டு வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள், சோப்பு நுரை மிதந்து வந்தது, பசி வேறு. சீக்கிரம் முடித்தால் போதும் என்றிருந்தது.

பசிக்குக் காரணம் கரைமேலேயே இருந்த பாக்கியத்தக்காவின் டீக்கடை. அங்கே பருப்பு வடை வேகும் வாசனை வந்தால் யாராலும் ஒழுங்காகக் கணக்குப் போட முடியாது. புருஷன் போனபிறகு அக்கா அந்தக் கடையை வைத்துத்தான் இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை கம்ப்யூட்டர் முடிவைச் சொன்னது. எட்டு கிலோமீட்டரும் ஒழுங்காகப் போகிற தண்ணீர், அக்கா கடைக்கு முன்னால் மட்டும் பொங்கி, கடைக்குள் ஒன்றரை அடி ஏறியது. கரையை உயர்த்த வேண்டும். உயர்த்த வேண்டுமானால் கடையை எடுக்க வேண்டும். சார் அப்படியே அறிக்கையில் எழுதிவிட்டார். திங்கட்கிழமை அது அரசு அலுவலகத்துக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போய் அக்காவிடமே சொன்னார்.

"இருவது வருசமா இங்கனக்குள்ள கெடக்கேன். எனக்குத் தெரியாத தண்ணி ஒங்க டப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சாக்கும்?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா" என்றார் சார்.

அக்கா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு பாப்பா. வெள்ளம் வருமா?"

நான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதைக் கடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. அவர் கடையைத் தூக்கப்போகிற எண்ணை எழுதியவள் நான்தானே.

அன்று மாலை வரை சொரசொரப்பை மாற்றி மாற்றி ஓட்டினேன். எருமைகளை எல்லாம் எழுப்பி அனுப்பிப் பார்த்தேன். தண்ணீர் இறங்கவில்லை. சனிக்கிழமை காலையில் அளவுப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. நாற்பத்து மூன்றில் மட்டும் தரையின் மூன்று இடங்களிலும் ஒரே அளவு, அக்கம்பக்கத்தைவிட இரண்டடி மேடு. ஆரோக்கியம் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். சுவரைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார்.

"தண்ணிக்குள்ள எறங்கலை மேடம். தொவைக்கிற கல்லு மேல வச்சுட்டேன். மூணு தடவையும்."

"ஏண்ணே?"

"அங்கன தொவைச்சுக்கிட்டு இருந்தது எங்க மாமியாரு. மாமியாரா ஆகப் போறவுக. அடுத்த வாரம் கோயில்ல எங்க கல்யாண ஓலை வாசிக்கப் போறாக. அவுக முன்னாடி எப்படி மேடம் வேட்டிய மடிச்சுக் கட்டுறது?"

எட்டு கிலோமீட்டர் வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு மருமகனின் மரியாதை நின்றுகொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. உடனே சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, அண்ணனைக் கருவியோடு பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு, மறுபடி அளக்க மொபெட்டை எடுத்தேன்.

போனால், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட்டுப்போகும் துணிகளோடு அதே அம்மாள் அதே கல்லில். ஆரோக்கியம் அண்ணன் வேட்டி கணுக்காலைத் தொட, லெவல் கருவிக்குக் குடை பிடித்தபடி சிலையாக நின்றுவிட்டார். கருவியைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அளவுகோலை யார் பிடிப்பது? விஷயத்தைக் கேட்ட பாக்கியத்தக்கா அடுப்பைத் தணித்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"என்ன பாக்கியம், மீன் புடிக்கவா?" என்றார் அந்த அம்மாள்.

"ஒன் மருமகன் என் கடையத் தண்ணிக்குள்ள முக்கிட்டான். அதத்தான் தூக்கிட்டிருக்கேன். செத்த நேரம் தள்ளு."

கருவிக்குள் அக்காவின் கையும் சில்வர் வளையலும் வானத்திலிருந்து தொங்கின. மூன்று இடங்களிலும் நிஜமான தரை கிடைத்தது.

முடிவைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று அக்கா ஈரச் சேலையோடு மொபெட்டில் ஏறி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஏசி அறைக்குள் நடுங்கிக்கொண்டே சுற்றிப் பார்த்தார். "இம்புட்டுக் குளுருல உக்காந்து யோசிச்சா எவனுக்குப் புத்தி வேலை செய்யும்?"

ஒரு தடவை ஓடி முடிக்க நாற்பது நிமிஷம். முப்பத்திரண்டாவது நிமிஷத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

"ஏன் பாப்பா இது அழுவுது?"

"கரண்ட் போச்சுக்கா. இது தாங்குறது பத்து நிமிஷம்தான்."

அக்கா சந்தனம் வைத்த மானிட்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இன்ஜினியரிங் படித்த நானும் கும்பிட்டேன். எட்டாவது நிமிஷம் எண்கள் வந்தன. தண்ணீர் கடையின் தரைக்கு அரை அடி கீழேயே நின்றது.

"அரை அடிதானா? ஒரு அடியாப் போட்டுக்கயேன், யாரு பாக்கப் போறா" என்றார் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

சார் பைண்டிங் போட்ட அறிக்கையைப் பிரித்து அந்தப் பக்கத்தை மாற்றினார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு சொன்னேன்ல, சொல்லல பாரு" என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார்.

தண்ணீர் திறந்த அன்று நாங்கள் எல்லோரும் கடையில் இருந்தோம். வாய்க்கால் பக்கச் சுவரில், தரைக்கு அரை அடி கீழே அக்கா சாக்பீஸால் போட்டிருந்த கோட்டுக்கு ஒரு விரல் கீழே வந்து தண்ணீர் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், நான் சொன்ன இடத்தில் ஒரு விஷயம் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

அந்த அலுவலகமும் கம்ப்யூட்டரும் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. வாய்க்காலுக்கு சிமெண்ட் பூசியபோது துவைக்கிற கல்லைப் பெயர்த்து எறிந்தார்கள். ஆரோக்கியம் அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டுக் கொல்லையில் போட்டிருக்கிறார். மாமியார் வந்தால் இப்போதும் வேட்டியை இறக்கிவிடுகிறாராம்.

சில வருஷம் கழித்துச் சாலையை அகலப்படுத்தினார்கள். இடிப்பதற்கு அடையாளமாகக் கடைச் சுவரில் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள், சாக்பீஸ் கோடு இருந்த இடத்துக்கு மேலேயே. அதற்குக் குறுக்குவெட்டும் இல்லை, கணக்கும் இல்லை. மறுபடி அளந்து பார்க்கலாம் என்று சொல்ல நானும் அங்கே இல்லை. அக்கா இப்போது பழனியில் மூத்த மகள் வீட்டில் இருக்கிறார். கடைசியாகப் போனில் பேசியபோது, "ஒன் தண்ணிக்குத் தப்பிச்சேன், ரோட்டுக்குத் தப்பலையே பாப்பா" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அளவுப் புத்தகம் மட்டும் என்னிடம் இருக்கிறது. நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் வாய்க்காலை வரைந்து, வலது கரையில் ஒரு சின்னக் கட்டம் போட்டு 'டீக்கடை' என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே அரை அடி என்று அம்புக்குறி. அந்த அரை அடிக்குத்தான் அன்றைக்கு அத்தனை பாடு. இனி அங்கே தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் மூழ்குவதற்கு ஒன்றுமில்லை.