யாரும் கேட்காத கருத்து

போன வாரம் என் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து என்னை அழைத்திருந்தார்கள். சாப்பிடும்போது வேன் கட்டணத்தைப் பற்றி வாய்க்கு வந்தபடி நான் சொன்னதை, அவள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தன் கருத்தாகப் போட்டுவிட்டாள். தலைமையாசிரியர் அறையில் நின்றுவிட்டு வந்து ஏழு நாள் ஆகியும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. போன் அடித்தால் பள்ளியிலிருந்தா என்று முதலில் நம்பரைப் பார்க்கிறேன். ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு, "எல்லாரும் ஏதாச்சும் சொல்றாங்க, நானும் சொன்னேன்மா" என்றாள். அதற்குமேல் அவளைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. பத்து வயதில் நானும் ஒரு கருத்துச் சொன்னவள்தான்.

அப்போது நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அம்மா வீட்டிலேயே ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுப்பாள். எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு அதுதான் தொழில். கம்பெனியில் வெட்டிய தோலை மூட்டையாகக் கட்டி ஏஜெண்டு மொபெட்டில் கொண்டுவந்து போடுவார். இரண்டு நாள் கழித்து வந்து தைத்ததை எடுத்துக்கொண்டு அடுத்த மூட்டையைத் தருவார். விரலில் சைக்கிள் டியூப் துண்டை மாட்டிக்கொண்டு அம்மா ஊசியை இழுக்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். அப்பாவின் சம்பளம் வீட்டுக் கடனுக்குப் போய்விடும். அடுப்பு எரிந்தது அந்த மூட்டையால்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்வந்ததும் அடுத்த தெருவிலிருந்து அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, குடும்பத்தோடு வந்துவிடுவார். அத்தையும் அதே ஏஜெண்டிடம் மூட்டை வாங்கித் தைப்பவள். அவர்களுடைய ஒரே மகள் என்னைவிட ஆறு மாதம் பெரியவள். சாப்பிட்டு முடித்ததும் அப்பாவும் மாமாவும் அரசியலில் இறங்குவார்கள்.

"எவன் வந்தாலும் ஷாப்புக் கழிவுத் தண்ணில பாலாறு இப்டிதான் நாறும்" என்பார் அப்பா.

"இந்தத் தபா பாரு மாமா, எல்லாம் மாறும்" என்பார் மாமா. ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர் இதையே சொல்லி வந்தார்.

அதன் பிறகு அப்பா திரும்பி மாமா மகளைப் பார்ப்பார். "நீ இன்னா சொல்ற கண்ணு?"

அவளும் யோசிக்காமல் சொல்வாள். "ஓட்டு கேக்க வர்றவங்களுக்கு நம்ம போர் தண்ணி ஒரு சொம்பு குடுங்க மாமா. குடிச்சா ஓட்டுன்னு சொல்லுங்க."

அப்பா தொடையைத் தட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் ஒருமுறைகூட வாங்கியதில்லை. ஒரு ஞாயிறு முன்கூட்டியே யோசித்து வைத்து, ரேஷன் சர்க்கரை பற்றி வாயைத் திறந்தேன். "பெரியவங்க பேசறப்ப குறுக்க வராத. போய் தண்ணி எடுத்தா" என்றார். நான் தண்ணீர் எடுத்துவரப் போனேன். திரும்பி வந்தபோது அவள் என் இடத்தில் அப்பாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்குப் பேச்சு கூலிக்குப் போனது. அம்மா டியூபைக் கழற்றி வீங்கிய விரலைக் காட்டினாள். மாமா மகள் சொன்னாள், "தெருவுல அத்தினி பேரும் ஒரு வாரம் மூட்டை வாங்காம உக்காருங்க அத்தே. ஏஜெண்டே தேடி வந்து ரேட்டு ஏத்துவாரு."

அப்பா சிரிக்கவில்லை. "இதுக்கு இருக்கற மூளை கம்பெனிக்காரனுக்கே இல்ல மச்சான்" என்றார். அம்மா மட்டும் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, "இந்தப் பேச்சு இந்த வூட்டோட இருக்கட்டும்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து ஏஜெண்டு வந்தார். அம்மா தெருமுனைக் குழாய்க்குப் போயிருந்தாள். தைத்த ஜோடிகளைச் சாக்கில் போட்டபடியே, "இன்னாமா, இந்தத் தபா எவன் வருவான்றாரு உங்கப்பா?" என்று கேட்டார். அப்பாவைப் பற்றித்தான் கேட்டார். என்னைக் கேட்டதாக நான் எடுத்துக்கொண்டேன்.

போர் தண்ணீர்க் கருத்தை எடுத்துவிட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு பெரிய மனிதர் என் பேச்சுக்குச் சிரிக்கிறார். எனக்குத் தலை கால் புரியவில்லை. உடனே கூலிக் கருத்தையும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"இது யார் சொன்னது?"

மாமா மகள் என்று சொல்ல நாக்கு வரவில்லை. இந்தப் பெருமையும் அவளுக்கே போவதா? "நான்தான்" என்றேன்.

அவர் சாக்கைக் கட்டினார். கொண்டுவந்திருந்த புது மூட்டையைக் கீழே இறக்காமலே கிளம்பிவிட்டார்.

பத்து நாள் எங்கள் வீட்டில் ஊசிச் சத்தம் இல்லை. அம்மா மூன்று முறை நடந்து போய்க் கேட்டாள். முதல் இரண்டு முறை சரக்கு கம்மி என்றார். மூன்றாவது முறை, "உங்க வூட்ல சங்கம் வெக்கறதா உம் பொண்ணே சொல்லிச்சு" என்றாராம். அம்மா வந்து என்னை அடிக்கவில்லை. அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். அத்தை வீட்டுக்கு மட்டும் மூட்டை வழக்கம்போல வந்துகொண்டிருந்ததை நினைத்துதான் எனக்கு வயிறு எரிந்தது.

பதினோராம் நாள் அத்தை மூச்சிரைக்க வந்தாள். "உன் மருமக பண்ணத பாத்தியா அண்ணி? நடுத்தெருவுல மொபெட்ட நிறுத்தி, 'அத சொன்னது நானு, அவ சும்மா திருப்பிச் சொன்னா'ன்னு ஏஜெண்டு கிட்ட சொல்லிட்டு வந்து நிக்கறா."

மறுநாள் எங்கள் வாசலில் மூட்டை இறங்கியது. அத்தை வீட்டில் இறங்கவில்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் இறங்கவில்லை.

எனக்கு அப்போது தோன்றியதெல்லாம் இதுதான்: நான் சிரமப்பட்டுச் சொன்ன ஒரே கருத்தையும் அவள் நடுத்தெருவில் நின்று பிடுங்கிக்கொண்டாள். ஏஜெண்டும் அவளைத்தான் நம்பினார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு என்று அம்மா எனக்கு ஒரு துணி வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். நீலத்தில் வெள்ளைப் பூ. பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கையில் அதை எடுத்துக்கொண்டு தையல்காரரிடம் போனாள். அளவு கொடுக்க மாமா மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு முந்தின வருட கவுனின் மடிப்பைப் பிரித்துவிட்டாள். அழுதேன், அம்மா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று கோயில் வாசலில் அவள் என்னைத் தேடி வந்தாள். நீலப் பாவாடையை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினாள். முகத்தில் எப்போதும் இருக்கும் துணிச்சல் இல்லை.

"நீ இன்னா சொல்ற, எனக்கு நல்லாருக்குதா?"

"நல்லாவே இல்ல" என்றேன்.

அவள் பாவாடையை விட்டுவிட்டாள். என் வாழ்நாளில் ஒருவர் என் கருத்தைக் கேட்டது அதுதான் முதல் முறை. அதுகூட எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.