ஸ்கந்தபுரத்திலிருந்து ஒரு சூப்பிப் பெற்றோல்

"...நிப்பாட்ட ஏலாது தங்கச்சி, ஓடிவந்து ஏறுங்கோ! இஞ்சின் ஒருக்கா நிண்டுதெண்டா திரும்ப எழுப்பப் பெற்றோலுக்கு நான் எங்க போறது?"

குலம் அண்ணையின் பழைய ஒஸ்ரின் வாடகைக் கார் ஸ்கந்தபுரம் சந்தியில் புகைவிட்டபடி ஊர்ந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாய்ந்து ஏறினேன். 2007 பங்குனி, காலை எட்டு மணி. துணுக்காய்க்குப் பயணம்.

போரில் கண்டி வீதி மூடியபின் வன்னிக்கு மண்ணெண்ணெய் கொஞ்சம் வரும்; பெற்றோலைக் காண்பதே அரிது. சனம் அசந்துவிடவில்லை. காரும் தண்ணீர்ப் பம்பும் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகிவிட்டன. ஆனால் நின்ற இஞ்சின் அதில் எழும்பாது. சின்னப் போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோலை உள்ளே பீச்சவேண்டும். அந்தப் போத்தலுக்குப் பெயர் சூப்பி. "அழுற பிள்ளைக்குப் பால் குடுக்கிற மாதிரித்தான்," என்றார் அண்ணை. கொழும்பில் பெற்றோல் விலை ஏறினால் நாங்கள் முணுமுணுப்போம். இங்கே விலை சொல்லக்கூட ஆளில்லை. விற்கச் சாமான் வேண்டுமே!

பின்சீற்றில் புனிதமக்கா, துணுக்காயில் வெங்காயம் போட்டிருப்பவர். மடியில் மண்ணெண்ணெய்க் கான்.

"பம்ப் அஞ்சு நாளாப் படுத்திருக்கு. கிளிநொச்சி முழுக்கத் திரிஞ்சன், ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை. இண்டைக்கும் தண்ணி போகாட்டி வெங்காயம் கருகிப்போம்."

காட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிள் வியாபாரி ஒருவர் பக்கத்தில் வந்து கத்தினார்: "அண்ணை, சூப்பியில இருக்கிறதைத் தாங்கோ, ரெண்டு கான் மண்ணெண்ணெய் தாறன்!"

"ரெண்டு பவுன் தந்தாலும் இல்லை. இது நாளைக்குக் காலமை என்ர காரை எழுப்ப!"

ஏதோ கேட்க வாயெடுத்த புனிதமக்கா, அதைக் கேட்டதும் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துணுக்காயில் அவர் தோட்டத்துக்குப் போகும் ஒழுங்கை வந்தது. யாரும் கேளாமலே அண்ணை காரை உள்ளே திருப்பிக் கிணற்றடியில் விட்டார். "தங்கச்சி, இஞ்ச வந்து இந்தப் பெடலை மிதிச்சுக்கொண்டிருங்கோ. காலை எடுத்தியளோ, நாங்கள் எல்லாரும் நடைதான்!"

கார் ஓட்டத் தெரியாத நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்தேன். அண்ணை சூப்பியிலிருந்து பம்புக்குள் ஒரு பீச்சுப் பீச்சினார். பம்ப் இருமி அடங்கியது. இன்னொன்று, அதுவும் சரிவரவில்லை. போத்தலில் கிடந்த முழுவதையும் பீச்சிக் கயிற்றை இழுத்தார். பம்ப் குளறிக்கொண்டு எழும்பியது. வெள்ளையாகத் தண்ணீர் பாய்ந்தது. புனிதமக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இந்தச் சனத்தோடு ஒரே காரில் வந்தேன் என்று என் நெஞ்சு நிமிர்ந்தது.

"அண்ணை, நாளைக்கு உங்கட கார்?" என்று கத்திக் கேட்டேன்.

அவர் வெற்றுப் போத்தலைச் சட்டைப் பையில் போட்டார். சாரத்தை மடித்துக் கட்டி, வேலியில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்துப்போய், முதற் பாத்தியின் வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார்.