தொட்டி திறந்த நாள்

மகளின் கல்லூரி ஆய்வகத்தில் ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறியதும், எழுபதுகளில் தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று, பிறகு இடிக்கப்பட்டுவிட்ட அந்தச் சின்னக் கடல் அருங்காட்சியகத்துக்கு நினைவில் போய்விட்டேன். ஃபார்மலினில் ஊறிய கடற்குதிரையும் முத்துச்சிப்பியும் கண்ணாடிக்குள் இருக்க, நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நகர்வோம். என்னோடு வகுப்பில் படித்த ரோஸ்லின், அங்கிருந்த காவலாளியின் மகள், அவள் மட்டும் பெட்டியைத் திறந்து சங்கைத் துடைத்துக் காதில் வைத்துக்கொள்வாள். எனக்கு வயிறு எரியும்.

ஒரு கோடை விடுமுறையில் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்கென்றே கடல்நீர்த் தொட்டி கட்டினார்கள். திறந்த அன்று தண்ணீருக்குள் நட்சத்திர மீனை ஏந்தி நின்றேன், உள்ளங்கை குறுகுறுத்தது. ரோஸ்லின் சுவரோரம் நின்றாள்.

"ஏளா, இனி எல்லாரும் தொடுவாவ, இல்லியா?" என்றாள், முகம் சுண்டி.

பின்னால் நின்ற பிள்ளைகள் முண்டியடித்தும், மீனை விடாமல் இன்னும் சற்று நேரம் வைத்திருந்தேன், அவள் பார்க்கட்டும் என்று.