பானகத்தைத் தள்ளிவிட்ட கை

என் மகனுக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது அவனுக்கு வயது இருபத்தாறு. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. ஆலையில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்கள். இவனுடைய சீட்டை மட்டும் மடித்துத் தனியாகக் கொடுத்தார்களாம். வீட்டுக்கு வந்தவன் அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இதுல என்னமோ போட்டிருக்கு, பாரு" என்று சொல்லிக் குளிக்கப் போய்விட்டான். அவன் தலை துவட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் நான் என் கணவருக்கு போன் போட்டு அழுது முடித்திருந்தேன்.

என் கணவர் காவல்துறையில் இருக்கிறார். பாதி நாள் வெளியூர் பந்தோபஸ்து. வீட்டில் அசல் போலீஸ் அவர்தான், ஆனால் அன்றிலிருந்து சோதனை போட்டது நான். சட்டைப் பையில் மிட்டாய்த் தாள் இருக்கிறதா என்று பார்த்தேன். சீனி டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன். அவனோடு வேலை பார்க்கும் பையனிடம், கேன்டீனில் இவன் என்ன சாப்பிட்டான் என்று விசாரித்தேன். அது இவன் காதுக்குப் போனது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நான் தினமும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போகிறவள். அலுவலகத்தில் விசாரித்ததில் அங்கே ஒரு பெண் டாக்டரைச் சொன்னார்கள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். "மருந்தைவிடப் பழக்கத்தைத்தான் அதிகம் கேப்பாங்க" என்றார்கள். நல்லதாகப் போயிற்று, நாலு போடு போட்டு மகனைத் திருத்திவிடுவார் என்று நினைத்து அழைத்துப் போனேன்.

அவர் ஒரு போடும் போடவில்லை. எத்தனை மணிக்கு எழுவான், எந்த ஷிஃப்டில் எப்போது சாப்பிடுவான், தூக்கம் எப்படி, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"வாரத்துல எத்தனை நாள் பரோட்டா தம்பி?"

"ரெண்டு நாளு."

"நாலு நாளு டாக்டர்" என்றேன் நான்.

டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. "இப்ப இருக்கிறதுல எதை மாத்திக்கலாம்னு உங்களுக்குத் தோணுது?" என்று அவனைக் கேட்டார்.

"நடக்கலாம்."

"தினம் ஒரு மணி நேரம் நடப்பான்" என்றேன்.

"அம்மா சொல்ற ஒரு மணி நேரத்துக்கு, பத்துக்கு எத்தனை மார்க் நம்பிக்கை இருக்கு உங்களுக்கு?"

"மூணு" என்றான் என் மகன், கூச்சமில்லாமல்.

எனக்கு அவமானமாக இருந்தது. டாக்டரோ நல்ல மார்க் வாங்கியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மூணா? ஏன் ஒண்ணுன்னு சொல்லல?"

அப்படி ஒரு கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுன்னா சில நாளு ஒரு ஸ்டாப்புக்கு முந்தியே இறங்கி மில்லுக்கு நடந்து போவேன். காலைல மலை தெரியும். அது பிடிக்கும்."

"அப்ப அம்புட்டே போதும். அதை எல்லா ஷிஃப்ட்டுக்கும் வச்சுக்கலாமா? அதுக்கு எத்தனை?"

"எட்டு."

ஒரு ஸ்டாப் தூரம். இதற்கா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று எனக்கு எரிச்சல். கடைசியில் மாத்திரை எழுதினார். "இது சர்க்கரையை இழுத்து இறக்குற மாத்திரை. போட்டா சாப்பிட்டே ஆகணும்" என்றார். அதோடு விடாமல், புரிந்ததை அவன் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், நன்றாகக் கேட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னான்: "எம்மா, நீ இப்படியே நச்சரிச்சேன்னா நான் இனி டாக்டர்கிட்ட வரமாட்டேன். மாத்திரையும் வேணாம். ஆனது ஆகட்டும்."

அவன் சொன்னால் செய்கிறவன். அதனால் வாயை மூடிக்கொண்டேன். மாத்திரையை எடுத்து நீட்டும் உரிமையை மட்டும் விடவில்லை.

அவன் நடந்தான். ஒரு ஸ்டாப் இரண்டானது. பரோட்டா தானாகக் குறைந்தது. "நடந்துட்டு வந்து அதைத் திங்க மனசு வரல" என்றான். பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே தள்ளிப் போயிற்று. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் அளவும் இறங்கிக்கொண்டே வந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ இன்னும் வேகமாக இறங்கினால் என்ன என்றிருந்தது.

அப்போதுதான் புரட்டாசி வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் எங்களுக்கும் ஒரு திருவண்ணாமலை உண்டு. இங்கே குன்றின் மேல் இருப்பவர் பெருமாள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதமிருந்து படியேறுவது எங்கள் பக்கத்து வழக்கம். மகனோடு எல்லாச் சனியும் ஏறுவதாக நான் வேண்டியிருந்தேன். படி ஏறுவதும் நடைதானே என்று அவனும் ஒத்துக்கொண்டான்.

முதல் சனிக்கிழமை விடியற்காலையில் தண்ணீரும் மாத்திரையுமாக அவன் முன்னால் நின்றேன்.

"சாப்பிடாம போடக் கூடாதுன்னாங்கல்லம்மா?"

"சாமி பாத்து இறங்குனதும் சாப்பிடப் போறோம். செத்த நேரந்தானே. மாத்திரையும் போட்டு வயித்தையும் காயப்போட்டா சுகர் இன்னும் நல்லா இறங்கும்லே."

நான் படித்தவள். கல்லூரியில் பட்டம் வாங்கியவள். இந்தக் கணக்கை நானே போட்டு, நானே அவன் கையில் வைத்தேன். நல்ல நாளும் அதுவுமாகச் சண்டை வேண்டாமென்று அவன் விழுங்கினான்.

செத்த நேரம் என்று நான் சொன்னது மூன்று மணி நேரம் ஆயிற்று. வரிசை நகரவில்லை. படிகளில் பாதி தூரம் போனபோது அவன் பேச்சு நின்றது. பிறகு காரணமில்லாமல் எரிந்து விழுந்தான். "சும்மா இரேன்! எல்லாம் உன்னாலதான்!" நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. காற்று நன்றாக அடித்தது, அவன் சட்டையோ முதுகோடு ஒட்டியிருந்தது. பசிக் கோபம் என்று நினைத்தேன்.

ஓரமாக நின்று பெரிய டிரம்மிலிருந்து பானகம் மொண்டு வரிசையில் நிற்பவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நீட்டிய டம்ளரை வாங்க அவன் கை போனது. கை நடுங்கியது. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"அதுல வெல்லம்லே!"

டம்ளர் சாய்ந்து பானகம் முழுவதும் அவன் வேட்டியில் கொட்டியது. அவன் கோபப்படவில்லை. யாரோ ஒரு அந்நியப் பெண்ணைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். அப்படியே படியில் உட்கார்ந்தான். தலை ஒரு பக்கமாகப் போயிற்று.

இதை எழுதும்போதும் அந்தக் கையை நான் மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பின்னால் ஒருவர் நின்றார். நரைத்த மீசை, நேரான முதுகு. "ஏத்தா, ஒம் மகனா? சுகர் மாத்திரை போடுதானா?"

"ஆமா."

"சாப்பிட்டானா?"

"விரதம்."

"விரதமா! நல்லா இருந்துச்சு போ. மாத்திரை விரதம் இருக்குமாக்கும்?" என்றவர் டிரம் பக்கம் திரும்பி, "ஏலே, ரெண்டு டம்ளர் கொண்டா, வெரசா!" என்று குரல் கொடுத்தார். என் மகனின் தாடையை நிமிர்த்தினார். "தம்பி, முழுங்கு. மெதுவா. இன்னொரு வாய். ஒங்கம்மாவப் பாக்காத, அவிய அழுவாவ. என்னையப் பாரு."

இரண்டு டம்ளர் உள்ளே போனது. நான் பெருமாளைக் கூப்பிடவில்லை. அவர் பேர்கூட எனக்கு நினைவுக்கு வரவில்லை. கால் மணி நேரம் போல ஆகியிருக்கும். மகன் கீழே குனிந்து பார்த்து, "எம்மா, வேட்டி ஏன் பிசுபிசுன்னு ஒட்டுது?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"எம் பொஞ்சாதிக்கு இப்படித்தான் ஒருக்கா ஆச்சு. வேர்வையும் கோவமும் சேந்து வந்தா சுகர் இறங்குதுன்னு அர்த்தம்" என்றார் அவர். பட்டாளத்தில் இருந்தவராம், ஊர் வ. புதுப்பட்டியாம். "கீழ போயி மொதல்ல சோத்தப் போடு. சாமி எங்கயும் போயிராது." வரிசை நகர்ந்தது, அவரும் அதோடு மேலே போய்விட்டார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

மலையடிவாரத்தில் அவனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு டாக்டருக்கு போன் செய்தோம். அன்றே வரச் சொன்னார். இனி இவன் எதையும் செய்ய மாட்டான், எல்லாவற்றையும் என்னால் விட்டுவிடுவான் என்ற பயத்தோடு அவர் முன் உட்கார்ந்தேன்.

"சாப்பிடாம மாத்திரை போட்டுட்டேன் டாக்டர்" என்றான் மகன். என் பேரைச் சொல்லவில்லை.

"நான்தான் குடுத்தேன்" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டட்டும் என்று காத்திருந்தேன். "புரட்டாசி வருதுன்னு எனக்குத் தெரியும். விரதம் இருப்பீங்களான்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு அதைக் கேக்காம விட்டது என் தப்பு" என்றார். ஒரு டாக்டர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. பிறகு மாத்திரையைப் பாதியாகக் குறைத்து எழுதினார். அவன் நடையால் உடம்பே பாதி வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது, பழைய அளவு இனி அதிகம் என்றார். அவன் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்ததைப் பார்த்தேன்.

அதோடு விட்டாரா? என் பக்கம் திரும்பினார். "அம்மா, தம்பி மாத்திரையைத் தம்பியே பாத்துக்கிடட்டும்னு விடுறதுக்கு, பத்துக்கு எத்தனை?"

"ரெண்டு" என்றேன்.

"ஏன் சைபர்னு சொல்லல?"

மகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "அவன்தான் இன்னைக்கு சாப்பிடாம போடக் கூடாதுன்னு சொன்னான். நான்தான் கேக்கல" என்றேன்.

அந்த இடத்திலிருந்து ஒரு ஏற்பாடு பிறந்தது. மாத்திரை அவன் அறையில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வார அளவுகளை அவனே என்னிடம் சொல்வான். மற்ற ஆறு நாளும் நான் கேட்கக் கூடாது. இதற்கு எத்தனை மார்க் என்றார். ஆறு என்றேன். ஏழு வரட்டும் என்று, அவன் நடந்து முடித்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடுவதையும் சேர்த்தார்.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை மறுபடி போனோம். அவன் போகலாம் என்றதால்தான் போனோம். இட்லி சாப்பிட்டுவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாத்திரையைப் போட்டான். "நீ விரதம் இரு, ஒனக்குத்தான் மாத்திரை இல்லைல்ல" என்றான். அடிவாரத்தில், "நான் முன்னால போறேன், மேல பாப்போம்" என்று சொல்லிப் படியேறினான்.

நான் வரிசையில் ஒவ்வொரு நரைத்த மீசையாகப் பார்த்துக்கொண்டே ஏறினேன். பானகம் கொடுக்கிறவர்களிடம் கேட்டேன்: வ. புதுப்பட்டிக்காரர், பட்டாளத்தில் இருந்தவர், தெரியுமா?

"எந்தப் பட்டாளத்துக்காரரு அக்கா? அங்க தெருவுக்கு நாலு பேரு இருக்காவ" என்றார் ஒருவர்.

அவரிடம் சொல்ல வேண்டியதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "அன்னைக்கு எம் மகனுக்குப் பானகம் குடுத்தீங்க. ரொம்ப நன்றி" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எல்லாருக்குந்தான் குடுக்கோம்" என்று அடுத்தவருக்கு நீட்டினார்.

மேலே பார்த்தேன். மகன் கண்ணில் படவில்லை. செல்போன் கைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. அடுத்த படியில் காலை வைத்தேன்.