நாலாவது அடிக்குப் பின்

உட்கார்ந்த இடம் சூடாகாத மனிதர்கள் உண்டு. இவனுக்கு நின்ற இடமும் சூடானதில்லை. வானொலி நிலையத்தில் எல்லோரும் 'சக்கரம்' என்றே கூப்பிட்டார்கள். ஒலிநாடாவை வெட்டி ஒட்டுவது அவன் வேலை. பேசுகிறவர் இருமினால், மூச்சு வாங்கினால், சொல்லுக்குத் தடுமாறினால், அந்தத் துண்டை பிளேடால் எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டிவிடுவான். ஓசை இல்லாத நாடா அவனுக்குச் சட்டையில் ஒட்டிய நூல் மாதிரி, தட்டிவிட்டால்தான் நிம்மதி.

அவனுடைய அக்கா ஒரு நடனக் கூடம் நடத்தினாள். ஞாயிறு பிற்பகல்களில் ஆட்டம். டிரம்ஸ் வாசிப்பது அவள் கணவர். மச்சானுக்குத் தோள்வலி, நாலு பாட்டுக்கு ஒரு தடவை கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். ஆடியவர்கள் சுவரோர நாற்காலிகளில் போய் விழுவார்கள். திரும்ப அவர்களை எழுப்புவதற்குள் அக்காவுக்குத் தொண்டை வறண்டுவிடும். சக்கரமோ வாசலுக்கும் மேடைக்கும் நடையாய் நடப்பான்.

ஒருநாள் மச்சானின் வாசிப்பை நாடாவில் பதிந்து, நாலே தாள அடியை மட்டும் வெட்டி, முனைகளை வளையமாக ஒட்டினான். ஒலிப்பதிவுக் கருவியில் மாட்டி, வளையத்தின் மிச்சத்தை ஒரு பாட்டிலைச் சுற்றி ஓடவிட்டால் அந்த நாலடி ஓயாமல் சுழலும். அதன்மேல் வாசிக்க, நிலையத்தில் கருவிகளைச் சோதிக்கும் மின்னணு ஓசைப்பெட்டியை இரவல் கேட்டு வாங்கிவந்தான். அந்நாளில் அங்கே மின்னணு ஓசை என்றாலே வானொலி நாடகத்தில் பேய் வரும்போது போடும் ஊளைதான்.

"பேய்ச் சத்தத்துக்கு எவன்டா ஆடுவான்?" என்றாள் அக்கா.

"பேயே ஆடுது, மனுஷன் ஆடமாட்டானாக்கா?"

"ஒரே ஒரு ஞாயிறு தரேன். ஜனம் போய் உட்கார்ந்துச்சுன்னா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடணும். அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"உட்காரலைன்னா?" என்று சிரித்தார் மச்சான். "என்னைத் தூக்கிட்டுப் போவீங்களா?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி சுவரைப் பார்த்தான்.

அந்த ஞாயிறு, மச்சான் கையை உதறியதும் சக்கரம் நாடாவை ஓடவிட்டான். ஓசைப்பெட்டியின் குமிழைத் திருகினான். பெட்டியிலிருந்து உறுமல் ஒன்று எழுந்தது. ஆடியவர்கள் திகைத்தார்கள், சிரித்தார்கள், ஆடவும் தொடங்கினார்கள். அரைப் பாட்டு தாண்டவில்லை. ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். தூக்கிய கால் தரைக்கு வருமுன் அடுத்த அடி விழுந்துகொண்டிருந்தது. ஒரு ஜோடி விலகி நாற்காலியில் உட்கார்ந்தது. பின்னால் இன்னொரு ஜோடி.

மச்சான் மேடையோரம் வந்து காதைக் கொடுத்தார். "டேய், நாலாவது அடிக்கு அப்புறம் நான் கொஞ்சம் விட்டு அடிப்பேனே. அது எங்க?"

சக்கரம் நாடாவின் ஒட்டைப் பார்த்தான். அங்கே சத்தம் ஒன்றுமில்லை என்று கைப்பழக்கத்தில் வெட்டி எறிந்திருந்தான். துண்டு நிலையத்துக் குப்பையோடு போயாயிற்று.

"என் மூச்சை இருமல்னு நினைச்சியா?"

சக்கரம் நாடாவின்மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்தான். ஓட்டம் ஒரு கணம் தயங்கியது, இடைவெளி கிடைத்தது. ஆனால் அவசரக்காரன் விரல், அடி முழுதாக விழுமுன்பே போய் அழுத்தியது. டிரம்ஸ் ஓசை மாடு கத்துவதுபோல் இழுபட்டது. மூன்றாவது ஜோடியும் உட்கார்ந்தது. கதவருகே அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மச்சான் பேசாமல் இருந்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். அவர் இடமும் அவருக்கே இருந்திருக்கும். அவர் போய் டிரம்ஸுக்குப் பின்னால் தம் இடத்தில் உட்கார்ந்தார். "என் தாடையைப் பாரு. நான் அசைச்சாதான் விரலை வைக்கணும். அதுக்கு முன்னால வெச்சே, கையை ஒடிச்சிடுவேன்."

தாடை அசைந்தது. விரல் இறங்கியது. இன்னொரு தடவை. இன்னொன்று. மிதிபட்ட கால்கள் வழிக்கு வந்தன. உட்கார்ந்த ஜோடிகள் எழுந்தன. பிறகு யாரும் உட்காரவில்லை.

ஆட்டம் கலைந்ததும் அக்கா வந்து, "அடுத்த வாரமும் போடு" என்றாள். மச்சான் டிரம்ஸைப் பிரித்துக் கட்டத் தாளத்தட்டின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான் பண்றீங்க? இதுக்குத் தலையாட்ட ஆள் வேணுமே."

"தலையாட்டறதுதானே? உங்கக்காவைக் கட்டின நாளா அதைத்தானே பண்றேன்" என்று திருகை மறுபடி இறுக்கினார்.

பாட்டுக்கு டிரம்ஸ், நடுவில் நாடா என்று சில வருஷம் ஓடியது. பிறகு தானே தாளம் அடிக்கும் தாளப்பெட்டி வந்தது. அதன் பிறகு கணினியும் வரப்போகிறது என்றார்கள். இப்போது பேய்ச் சத்தத்துக்காகத்தான் கூட்டமே வந்தது. தாளப்பெட்டிக்கு விரலும் வேண்டாம், தாடையும் வேண்டாம். முதல் நாள் அதன் இணைப்பைச் செருகியவர் மச்சான்தான். கொஞ்ச நேரம் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. இது மூச்சு விடாது. ஆடறவங்க விட்டுக்குவாங்க."

நேரே கதவருகே போய் அக்காவிடம் கையை நீட்டினார். "வா. என் கை சும்மாத்தானே இருக்கு."

"எனக்கு ஆடத் தெரியும். உங்களுக்கு?" என்றாள் அக்கா. ஆனாலும் போனாள்.

இருவரும் ஆடுவதைச் சக்கரத்தால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தான். நிறுத்தினால் அவர்கள் நின்றுவிடுவார்கள். ஓடவிட்டால் டிரம்ஸுக்குப் பின்னாலிருக்கும் அந்த இடம் இனிக் காலிதான்.

ஓடவிட்டான்.